வெட்டுப்பட்ட வயிறும் தண்ணீர்க் குடமும்

கோலார் தங்க வயலில் காயம் என்றால் என்னவென்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போயிருந்தது. அந்த ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்துச் சிதறும். ‘ஏர் பிளாஸ்ட்’ என்பார்கள் எங்கள் ஊரில். மேலே தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பாத்திரம் உருளும். பெண்கள் அப்படியே ஷாஃப்ட் பக்கம் ஓடுவார்கள். அடிபட்டு மேலே வந்த ஆளுக்கு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பும்போது, இத்தனை வாரம் வேலை கூடாது என்று டாக்டர் சீட்டு எழுதுவார். வேலையில் பட்ட காயத்துக்கு நஷ்டஈட்டுச் சட்டமும் இருந்தது. வயிற்றில் தையலோடு படுத்திருக்கும் சுரங்கத் தொழிலாளியிடம் போய், “எழுந்து போயி ரெண்டு கொடம் தண்ணி புடிச்சாந்துடு” என்று யாரும் சொன்னதில்லை.

அதே லைனில், வயிறு வெட்டித் தைக்கப்பட்ட பெண்ணைப் பத்தாம் நாள் குழாயடி வரிசையில் பார்த்திருக்கிறேன். ஒருமுறை இருமுறை அல்ல, நான் நர்ஸாக இருந்த காலம் முழுக்க. சிசேரியன் ஒரு பெரிய அறுவை என்பதை இந்த ஊர் இன்னும் மனதார ஒப்புக்கொள்ளவில்லை. குழந்தை பிறந்துவிட்டது, அதனால் எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது என்றே வீடு நினைக்கிறது. அறுவை செய்த பெண்ணுக்கோ அன்றைக்குத்தான் ஆரம்பம்.

அப்பா நந்திதுர்க் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நான் சுரங்கக் கம்பெனி ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் வேலை பழகினேன். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்ட பிறகு, ராபர்ட்சன்பேட்டையில் வேறு வேறு இடங்களில் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பின்னும், “சிஸ்டரம்மா, ஒரு நட வந்துட்டுப் போ” என்று கூப்பிடுகிற வீடுகளுக்குப் போய் வருகிறேன். உரிகம், மாரிக்குப்பம், ஆண்டர்சன்பேட்டை, கோரமண்டல் என்று நான் ஏறி இறங்காத லைன் குறைவு.

முன்பெல்லாம் சிசேரியன் அபூர்வம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 2005-06இல் இந்தியப் பிரசவங்களில் 8.5 சதவீதம்தான் சிசேரியன். 2019-21இல் அது 21.5 ஆனது. கர்நாடகத்தில் 31.5, தமிழ்நாட்டில் 44.9. இத்தனை அறுவை தேவைதானா என்ற கேள்வி நியாயமானது, கேட்க வேண்டியதும்கூட. ஆனால் அந்தக் கேள்வியைப் படுக்கையில் கிடக்கும் பெண்ணிடம் போய்க் கேட்காதீர்கள். அவள் முடிவு செய்து நடந்த காரியம் அல்ல அது. அவளுக்கு வேண்டியது அடுத்த ஆறு வாரம் எப்படிப் போகும் என்கிற தெளிவு.

முதலில் உடம்புக்குள் என்ன நடந்திருக்கிறது என்று சொல்கிறேன். தோல், அதன் கீழே கொழுப்பு, அடுத்து வெள்ளையாக நார் போல ஓர் உறுதியான உறை. இவற்றை வெட்டுகிறார்கள். வயிற்றுத் தசையை வெட்டுவதில்லை, நடுவில் பிரித்து இரண்டு பக்கமும் ஒதுக்குவார்கள். பிறகு வயிற்றறையின் மெல்லிய சவ்வு, கடைசியாகக் கருப்பையின் சுவர். குழந்தையை எடுத்த பின் உள்ளிருந்து வெளியே வரிசையாகத் தைத்து வருவார்கள். கண்ணுக்குத் தெரிவது அடிவயிற்றில் குறுக்காக ஓடும் ஒரு கோடு மட்டும். ஒரு வாரத்தில் அந்தக் கோடு மூடிக்கொண்டதும் ‘ஆறிப்போச்சி’ என்கிறார்கள். உள்ளே இருக்கும் உறை இறுக இன்னும் பல வாரம் வேண்டும். வெட்டுப்பட்ட தோல்கூட மூன்று மாதம் கழித்தும் பழைய பலத்தில் ஏறத்தாழ 80 சதவீதத்தைத்தான் பெறும். நிறைகுடம் 15 கிலோ வரும். அதைக் குனிந்து தூக்கும்போது பாரம் எங்கே விழும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், அறுவை முடிந்தவளுக்குக் காற்றுப் பிரிகிற வரை சொட்டுத் தண்ணீர் தர மாட்டோம். இரண்டு நாள் படுக்கையிலேயே வைத்திருப்போம். மருத்துவம் மாறிவிட்டது. சிக்கல் இல்லை என்றால் சில மணி நேரத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுக்கலாம். மரப்பு தெளிந்து கால் பலம் வந்ததும், பெரும்பாலும் அன்றைக்கோ மறுநாள் காலையிலோ, எழுப்பி நடக்க விடலாம். இந்த முதல் நடைக்குத்தான் வார்டில் பெரிய சண்டை. “பச்ச ஒடம்பு சிஸ்டர், தையல் பிரிஞ்சிடும், அவள ஏன் பாடுபடுத்துற?” என்று கூட இருக்கும் ஆயா மல்லுக்கு நிற்கும். பிரசவத்தை ஒட்டிய நாட்களில் பெண்ணின் ரத்தம் எளிதில் உறையும். அறுவையும் சேர்ந்து, அசையாமலும் கிடந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி சேரும். அது நுரையீரலுக்கு ஏறிவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதற்குத்தான் நடக்கச் சொல்கிறோம் என்று ஆயாவை உட்கார வைத்து விளக்கினால், பெரும்பாலும் அதுவே எழுந்து வந்து பேத்தியின் மறுகையைப் பிடித்துக்கொள்ளும்.

எழுந்திருப்பதில் ஒரு முறை இருக்கிறது. மல்லாந்து படுத்தவள் அப்படியே நிமிர்ந்து எழக் கூடாது. முழங்காலை மடக்கி, ஒரு பக்கமாகப் புரண்டு, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றிப் பக்கவாட்டில் எழ வேண்டும். எழுந்ததும் நடக்காமல், சற்று உட்கார்ந்து தலைசுற்றல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாயில் படுக்கிற வீடு என்றால் முதல் சில வாரத்துக்காவது ஒரு கட்டிலை இரவல் வாங்குங்கள் என்பேன். தரையிலிருந்து எழுவதைப் போலத் தையலை இழுப்பது வேறில்லை. இருமல், தும்மல், சிரிப்பு எது வந்தாலும் ஒரு தலையணையைத் தையல்மேல் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊருக்கு இது முக்கியம். காற்றடிக்கிற மாதங்களில் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மலைகளிலிருந்து மண் பறந்து வந்து லைன் முழுக்கப் படியும். இருமாத வீடே இருக்காது. ஆடியில் பிள்ளை பெற்றவளுக்கு நான் முதலில் கேட்டு வாங்கி வைப்பது அந்தத் தலையணை. அதே காரணத்துக்காகத்தான் சாம்பிராணிப் புகையை அவளுக்கும் குழந்தைக்கும் முகத்துக்கு நேரே காட்டாதீர்கள் என்றும் சொல்கிறேன்.

பத்தியச் சாப்பாட்டில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, கருவாடு, ஆட்டுக்கால் ரசம், கேழ்வரகுக் களி எல்லாம் இருக்கட்டும். எங்கள் முன்னோர் வட ஆற்காட்டிலிருந்து வரும்போதே கொண்டுவந்த சாப்பாடு அது. முட்டை தின்றால் சீழ் பிடிக்கும், பருப்பு தின்றால் பிள்ளைக்கு மாந்தம் என்று தடுப்பதும், தண்ணீரை அளந்து கொடுப்பதும்தான் கெடுதல். “தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும், தையல் தண்ணி கோத்துக்கும்” என்பது லைனில் வேதவாக்கு. சிசேரியனில் ரத்த இழப்பு அதிகம். நம் நாட்டில் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேல் ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவர்கள். அவளுக்கு முட்டையும் பருப்பும் கறியும் கொடுக்காமல் புண் எதைக் கொண்டு ஆறும்? தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும், அதற்காக முக்கினால் தையல் வலிக்கும். சிறுநீரில் எரிச்சல் வரும். இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின்னும் ஆறு மாதம், 180 நாள் சாப்பிட வேண்டும். அரசாங்கம் இலவசமாகவே தருகிறது. பாதிப் பேர் ஆஸ்பத்திரி வாசலோடு அதை விட்டுவிடுகிறார்கள்.

வயிற்றில் துணி கட்டுவதை நான் தடுப்பதில்லை. பழைய நூல் புடவையை மடித்து மிதமாகக் கட்டினால் நடக்கும்போது தைரியமாக இருக்கும். மூச்சு முட்டக் கட்டினால் பிரயோஜனம் இல்லை. குளிக்கலாம், ஆனால் கொதிக்கக் கொதிக்கத் தையல்மேல் ஊற்றக் கூடாது. மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து உலர விட வேண்டும். மஞ்சள், சாம்பல், பவுடர் எதுவும் பூசக் கூடாது. வயிறு மடிந்து தையலை மூடும் பெண்கள் அந்த மடிப்பைத் தூக்கி உலர்த்த வேண்டும். சீழ் கோப்பது பெரும்பாலும் அந்த ஈரத்தில்தான்.

வெளியே சொல்லக் கூச்சப்படும் ஒன்றையும் சொல்கிறேன். லைன் வீடுகள் பலவற்றில் உள்ளே கக்கூஸ் கிடையாது. தையலோடு குந்துவதற்குப் பயந்து, பொழுது சாயட்டும் என்று பெண்கள் சிறுநீரை அடக்குகிறார்கள். தண்ணீர் குடிக்காததற்கு அதுவும் ஒரு காரணம். நடுவில் துளை போட்ட ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இப்போது ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கைமாற்றி விடுகிறோம். ஒரு பிரசவம் முடிந்ததும் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். இதற்கு எந்தத் திட்டத்திலும் பணம் இல்லை. அது செய்யும் உபகாரத்தை எந்த மாத்திரையும் செய்வதில்லை.

மூன்றாம் நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும்.

மார்பு கனத்துப் பால் இறங்கும் நாள் அது. அன்றைக்கோ அதற்கு அடுத்த நாளோ காரணம் இல்லாமல் அழுகை வரும். பிள்ளை பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இது உண்டு; இரண்டு வாரத்துக்குள் தானாகத் தணியும். சிசேரியன் ஆனவளுக்கு அந்த அழுகையோடு வேறு சிலவும் சேர்ந்துகொள்கின்றன. பக்கத்துப் படுக்கையில் சுகப்பிரசவம் ஆனவள் நடந்து போகிறாள். பார்க்க வந்தவர்கள், “நீ நோவாம பெத்துட்ட, எங்க காலத்துல…” என்று ஆரம்பிக்கிறார்கள். அந்த ஒரு சொல்லுக்காக நான் மனிதர்களை வார்டை விட்டு வெளியே அனுப்பியிருக்கிறேன். இரவு முழுக்க வலி எடுத்து, கடைசியில் வயிற்றையும் வெட்டிக்கொண்டவளிடம் நோகாமல் பெற்றாய் என்று சொல்ல எப்படித்தான் நாக்கு எழுகிறதோ!

மாரிக்குப்பத்துப் பெண் ஒருத்தி. வலி எடுத்த பிறகு குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கி, ராத்திரியில் ஆம்புலன்ஸில் ஏற்றி, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோலாருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அறுவை. குழந்தையைச் சிசு தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்ததால் மறுநாள்தான் முகத்தைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்த பிறகு நான் போனபோது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். “இது என் கொழந்ததானான்னே எனக்குத் தெரியல சிஸ்டர். நான் பெக்கல. அவங்க எடுத்தாங்க” என்றாள். மாமியார் வாசலில் நின்று, “பொண்ணுன்னு ஆன கவல” என்றது. அது இல்லை என்று எனக்குப் பட்டது.

டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிப் பார்த்தேன். எல்லாம் ஆங்கிலத்தில். அவளுக்கு ஏன் அறுவை செய்தார்கள் என்று அவளிடம் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. தன் இடுப்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். சீட்டை வரி வரியாகத் தமிழில் படித்துச் சொன்னேன். எத்தனை மணிக்கு வலி எடுத்தது, துடிப்பு எப்போது இறங்கியது, ஏன் காத்திருக்க முடியவில்லை, குழந்தை எத்தனை மணிக்கு அழுதது, என்ன எடை என்று ஒன்று விடாமல் சொன்னேன். நடுவே அவள் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். தியேட்டர் விளக்கு, வயிற்றை யாரோ பிடித்து இழுத்த மாதிரி இருந்தது, பல் கிட்டிக் குளிரெடுத்தது எல்லாம் அப்போதுதான் அவள் வாயிலிருந்து வந்தன. இழுப்பது தெரியும், வலிதான் தெரியாது. குளிர் நடுக்கம் அறுவையின்போது நிறையப் பேருக்கு வரும். இதை நான் சொன்னதும், “அப்ப எனக்குப் பைத்தியம் புடிக்கல?” என்றாள். குழந்தையைச் சட்டை இல்லாமல் அவள் மார்பின்மேல் போட்டுத் துணியால் மூடினேன். தோலோடு தோல் பட்டு அது கிடந்தது. பிறந்த நிமிஷத்தில் கிடைக்காமல் போனதைப் பின்னாலும் கொடுக்கலாம் என்பது என் அனுபவம். ஒரே நாளில் அவள் தேறிவிடவில்லை. ஆறேழு வாரம் ஆனது, இடையில் மோசமான நாட்களும் இருந்தன. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அந்தச் சீட்டைத்தான் கேட்கிறேன். டாக்டர்களிடமும் கைகூப்பிக் கேட்கிறேன்: வார்டு சுற்றும்போது ஐந்தே நிமிஷம், அவள் மொழியில், ஏன் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

அழுகை இரண்டு வாரத்தைத் தாண்டினால் அது வேறு, மனச்சோர்வாக இருக்கலாம். 1987-இல் எடின்பரோவில் ஜான் காக்ஸ் என்ற மருத்துவரும் கூட இருந்தவர்களும் அதைக் கண்டுபிடிக்க 10 கேள்விகள் கொண்ட ஒரு தாளை உண்டாக்கினார்கள். தமிழிலும் அது சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. சிரிக்க முடிகிறதா, காரணமின்றி உங்களையே குறை சொல்லிக்கொள்கிறீர்களா, தூக்கம் வருகிறதா என்று போகும். கடைசிக் கேள்வி, உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடுவோம் என்று பயப்படத் தேவையில்லை. கேட்டதற்காக யாரும் என்மேல் கோபப்பட்டதில்லை, கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர்கள்தான் உண்டு. வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரக் கிராமப் பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2002-இல் வெளியான ஆய்வில், பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு கண்டவர்கள் 11 சதவீதம். வறுமை, ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றவரோடும் பிணக்கு, கைக்கு உதவி இல்லாதது ஆகியவை காரணங்களில் முன்னே நின்றன. எங்கள் ஊர்ப் பெண்கள் பலருக்கும் தாய் வீடு அந்தப் பக்கம்தான். அந்தக் காரணங்களில் கடைசியாகச் சொன்ன, கைக்கு உதவி இல்லாததைத்தான் நான் தினமும் பார்க்கிறேன்.

சுரங்கம் மூடியபின் எங்கள் ஊர் ரயிலில் வாழ்கிறது. விடிவதற்கு முன் மாரிக்குப்பத்தில் ஏறினால் பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர்; திரும்பி வர இரவாகிவிடும். கணவன் அதில் போகிறான், மாமியாரும் வீட்டு வேலைக்கு அதிலேயே போகிறாள். பகல் முழுக்க அந்தப் பெண்ணும் கைக்குழந்தையும் தனியே. தண்ணீர் லாரி வந்தால் ஓட வேறு ஆள் இல்லை. முன்பு நாலு வீட்டுப் பெண்கள் முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். இப்போது அந்த நாலு பேரும் ரயிலில் இருக்கிறார்கள். மூன்று மாதம் தாண்டியதும் இவளும் ஏறிவிடுகிறாள். ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவளுக்கு முதல் இரண்டு பிள்ளைகளுக்கும் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதைத் தெரியாமலே வேலையை விட்டு நின்றவர்களை நான் கண்டிருக்கிறேன். கேட்டு வாங்குங்கள்.

ஆஷா ஊழியர் வருவதையும் விட்டுவிடாதீர்கள். சிசேரியன் ஆனவள் வீட்டுக்கு 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் அவர் வர வேண்டும். எடை போடுவது குழந்தையைத்தான். “தாயையும் பாரம்மா” என்று நீங்கள் சொல்ல வேண்டும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டுவது, தையல் சிவந்து சூடாகிச் சீழ் வருவது, உதிரப்போக்கில் துர்நாற்றம், ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுதும் நனைவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சு வாங்குவது, கண் இருட்டும் தலைவலி. இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தூக்கமே இல்லாமல் பேசிக்கொண்டே இருப்பது, குழந்தையைப் பற்றி விபரீதமாகச் சந்தேகப்படுவது பேய் பிடித்த கோளாறு அல்ல. அன்றைக்கே ஆஸ்பத்திரி. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2009 முதல் தாயையும் குழந்தையையும் பிரிக்காமல் ஒன்றாகச் சேர்த்து வைத்தியம் பார்க்கும் தனிப் பிரிவு இருக்கிறது. நம் ரயில் போகிற ஊர்தான்.

அடுத்த பிள்ளைக்குக் குறைந்தது இரண்டு வருஷம் போகட்டும், டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்ததும் அறுவைதான் என்று கட்டாயம் இல்லை, முதல் அறுவையின் காரணத்தைப் பொறுத்தது. தையலைச் சுற்றி மரத்துப் போயிருப்பது மாதக்கணக்கில் இருக்கலாம், பயப்பட வேண்டாம். மரப்புக்காக முதுகில் போட்ட ஊசியால்தான் ஆயுசுக்கும் முதுகுவலி என்பதும் உண்மை அல்ல. குனிந்து பால் கொடுப்பதும், பலம் இழந்த வயிற்றுத் தசையும்தான் பெரும்பாலும் காரணம்.

இதைப் படிக்கும் ஆண்களுக்கும் மாமியார்களுக்கும் ஒன்று சொல்கிறேன். 42 நாள் குடத்தை நீங்கள் தூக்குங்கள். ராத்திரி ஒரு தடவையாவது பால் கொடுத்து முடித்த குழந்தையை வாங்கிக்கொண்டு அவளைத் தூங்க விடுங்கள். அவள் தொடர்ந்து அழுதாலோ, அழுகைகூட வராமல் கிடந்தாலோ 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம், காசு கிடையாது.